யாருக்கு என்று கேட்காத சொல்

உச்சி வெயில். ஆள் நடமாட்டமே இல்லாத கல் பாதை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்... இது பட்டப்பகலில் நடந்தது.

நடந்தது என் சிநேகிதனின் சித்தப்பாவுக்கு. நம்மைப் போலவே தூதர் சங்கத்து ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதனால் சங்கத்தில் வாயாடி என்றே கூப்பிடுவார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டில் எழுத்து என்று ஒன்று இல்லாததால்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. அனுப்புகிறவர் காதில் சொல்வார். சொன்னது நம் நாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததும் தானாக வெளியே வரும், அனுப்பியவரின் குரலிலேயே. நாம் தடுத்தாலும் நிற்காது. அதனால்தான் முதலில் ‘யாருக்கு?’ என்று கேட்கச் சொல்கிறார்கள். கேள்வி முன்னால், காது பின்னால்.

வாயாடி அன்றைக்கு அதைத் தலைகீழாகச் செய்துவிட்டார்.

பாழுங்கிணற்று மேட்டில் ஒருவன் நின்று கை காட்டிக் கூப்பிட்டான். நிழல் இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் நிழல் விழும்? ஆனால் ஒரு வாடை... தண்ணீர் ஊற்றி அணைத்த அடுப்பின் வாடை. வாயாடி காலையிலிருந்து பேச்சுத் துணை கிடைக்காமல் தவித்துப் போயிருந்தார். “என்ன வெயில், என்ன வெயில்! சொல்லுங்க, சொல்லுங்க” என்று குனிந்து காதை நீட்டிவிட்டார்.

காதுக்குள் ஜில்லென்று காற்று.

“நான் வந்துட்டேன். நீ விலகிக்கோ.”

“யாருக்குங்க?” என்று அப்புறம்தான் கேட்டார். “பார்த்தா தெரியும்” என்றது குரல். நிமிர்ந்தபோது மேட்டில் யாரும் இல்லை.

யார் வீட்டுக்குள் எவன் நுழையப் போகிறான்? விலகு என்றால் எங்கே விலகுவது? வாயாடிக்கு ஒன்றும் புரியவில்லை. நாக்குக்கு அடியில் கூழாங்கல் வைத்த மாதிரி கனம். அதற்கப்புறம் எதிரே வந்த ஒவ்வொரு முகத்தின் மேலும் சந்தேகம்தான். இவனுக்கா... இவளுக்கா... துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்தார்.

சங்க வாசலில் தலைவர் வழிமறித்தார். “என்னய்யா வாயாடி, பல்வலியா?”

தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டார். நாக்கு அசையவில்லை. பாலத்துக் காவலாளியைப் பார்த்தபோதும் அசையவில்லை. செருப்புத் தைக்கிறவருக்கும் இல்லை. போகப் போக ஒரு பயம் கெட்டியாகிக்கொண்டே வந்தது. அப்படியென்றால் என் வீட்டில் இருக்கிற யாருக்கோதான்...

இன்றைக்கு வெளியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று தெருமுனையில் திரும்பினார். அதற்குள் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். “அப்பா, தூக்கு!”

பார்க்காமல் எப்படித் தூக்குவது? பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்பாடா என்று அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். இனி ஒரே ஒரு முகம்தான் பாக்கி.

மனைவி வாசலிலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள். “வாய் ஓயாத மனுஷன் வாயைக் கட்டிக்கிட்டு வந்தா நான் என்னன்னு நினைக்கிறது? எவகிட்ட மாட்டிக்கிட்டீங்க?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். “என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.”

கண்ணை இறுக மூடிக்கொண்டார். இவளுக்கு ஒன்று என்றால் தான் உயிரோடு இருந்து பிரயோஜனமில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருக்க முடியும்? திறந்தார்.

நாக்கு அசையவில்லை.

துண்டை அவிழ்த்து எறிந்துவிட்டு அழுதார், சிரித்தார். “ஒண்ணுமில்லம்மா... வெயில்ல ஏதோ பிரமை. ஒண்ணுமே இல்ல.”

“நல்லாத்தான் இருக்கு கூத்து. போய் முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க.”

வீட்டுக்குப் பின்னால் அண்டா நிறையத் தண்ணீர். சின்ன அசைவுகூட இல்லை. குனிந்தார். தண்ணீரில் தெரிந்த முகம் அவரை நேருக்கு நேர் பார்த்தது.

வாய் தானாகத் திறந்தது.

உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்டது இவ்வளவுதான்... பழக்கமில்லாத ஒரு ஆண் குரல், நாலு வார்த்தை. அப்புறம் தண்ணீர் ஒரு முறை ‘தளக்’ என்றது.

“யாருங்க அங்க?” என்றாள்.

“யாருமில்லையே.” முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அதே முகம், அதே குரல். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தலையைத் தடவிக்கொடுத்தார்.

“உன் பேரு என்ன பாப்பா?”

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, குழந்தையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவர் அதை வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.