ஐந்து துணிப்பைகள்

மாமரம் நமக்கு நிழலையும் கனியையும் தருகிறது. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. முன்னாள் கண்காணிப்பாளர் கிருஷ்ணஸ்வாமி ஐயரின் பழங்களைக் குறித்து, புதிய கண்காணிப்பாளராகிய தாங்கள் வினவியதால், தோட்டக்காரன் அமலதாஸ் ஆகிய நான் நடந்தவற்றை முறையாக எழுதுகிறேன்.

மைசூரில் நமது தோட்டத்தின் மதில் அரசர் காலத்தது. சுதந்திரம் வந்த ஆண்டில், அதன் தென்மூலையில் ஐயர் பாதாமி என்னும் மாவகையின் ஒட்டுக்கன்று ஒன்றை நட்டார். இளமரம் காய்த்தால் வலுவிழக்கும் என்பதால், மூன்றாண்டுகள் அதன் பூக்களைக் கிள்ளுமாறு உத்தரவிட்டார். கிள்ளினேன். கடமையில் நான் குறை வைத்ததில்லை.

ஐந்தாம் ஆண்டு கோடையில் ஐந்து காய்கள் நின்றன. ஐயர் அம்மாதமே ஓய்வு பெற்றுக் கும்பகோணம் செல்லவிருந்தார்.

"நான் வெச்ச மரம், அமலதாஸ். ஒரு பழமாவது தின்னுட்டுத்தான் ரயில் ஏறுவேன்" என்றார்.

அவர் மனைவி கனகலக்ஷ்மி அம்மாள், வௌவால் தீண்டாதபடி, பழைய வேட்டியில் ஐந்து பைகள் தைத்துக் காய்களுக்கு உறையிட்டார்.

மரமோ மெலிந்திருந்தது. அதன் துன்பம் எனக்குப் பொறுக்கவில்லை. முற்றிய காய் ஒன்றைப் பறித்துப் பாரத்தைக் குறைத்தேன். பறித்ததை வீணாக்குதல் முறையன்று; ஆதலால் வைக்கோலில் பழுக்கவைத்து உண்டேன். வெறும் பையைக் கண்டால் ஐயர் கவலையுறுவார். எனவே காவலாளி மல்லப்பனின் பாத்தியிலிருந்து ஒரு கத்திரிக்காயைப் பறித்து உள்ளே வைத்தேன். ஒரு வாரத்தில் ஐந்து பைகளும் அவ்வாறே ஆயின. வளர்ச்சி படிப்படியாக நிகழ வேண்டும் என்பதால், நாள்தோறும் சற்றே பெரிய காயாக மாற்றினேன். ஐயர் காலைதோறும் பைகளைத் தடவிப் பார்த்து என் உழைப்பைப் பாராட்டினார்.

பிரிவுபசார நாளன்று, அலுவலர் அனைவரின் முன்னிலையிலும் முதற்பையை அவிழ்த்தார். பின்னர் மற்ற நான்கையும் அவிழ்த்தார். ஐந்திலும் கத்திரிக்காய்களே இருந்தன.

"முத்தலா இல்லேன்னா ரசவாங்கி பண்ணலாம். வாங்கோ" என்றார் அம்மாள்.

அவை யாருடைய பாத்தியில் விளைந்தவை என்று கேட்டனர். உண்மையைச் சொன்னேன். மல்லப்பனை அன்றே பணிநீக்கம் செய்தனர்.

ரயில் நிலையத்தில் ஐயர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

"அந்தப் பழம் எப்படி இருந்திருக்கும், அமலதாஸ்?"

"புளிச்சிருக்குங்க ஐயா. ஒட்டு சரியில்ல" என்றேன். அது தேனாக இருந்தது. எனினும் அவர் மனம் ஆறுதலடைந்ததைக் கண்டு மகிழ்ந்தேன்.

யாவும் மரத்தின் நலன் கருதியே செய்தேன். மல்லப்பனைத் திரும்பவும் பணியில் அமர்த்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இவ்வாண்டு மரத்தில் நாற்பது காய்கள் நிற்கின்றன. அவ்வளவு பாரத்தை அது தாங்காது. கத்திரிப் பாத்தியோ கவனிப்பாரின்றிக் காய்ந்து கிடக்கிறது.