குழாயடி ஜாடி

இருந்தவர்கள்: தஹானி, நெஸ்ரீன். அலெக்சாந்திரியாவில் ஒரு மருத்துவக் கல்லூரி. தசையையும் எலும்பையும் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது இருவருக்கும் தொழில். இந்த வருஷம் நிரந்தர வேலை ஒருத்திக்குத்தான்; எலும்புத் துண்டைப் பார்த்து டாக்டர் ஸப்ரீ தேர்ந்தெடுப்பார்.

நெஸ்ரீன்: அழாதடி. அழுதா செத்த எலும்பு பிழைச்சிடுமா?

தஹானி: யாரு அழுதா? மருந்து நெடி.

நெஸ்ரீன்: தள்ளு, மைக்ராஸ்கோப்புல நானும் பாக்கறேன்... அடப்பாவமே! வரிசையா வீடு இருக்கு, உள்ள ஒரு செல்லு இல்ல.

தஹானி: ஒண்ணுகூட சாயம் பிடிக்கல.

நெஸ்ரீன்: அமிலத்துல அதிகமா ஊறிடுச்சு. எலும்பு இளகற வரைக்கும்தான் அது. அதுக்கு மேல விட்டா உள்ள இருக்கறதையும் தின்னுடும். உனக்குத் தெரியாததா?

தஹானி: வியாழக்கிழமை என்னோடத குழாயடியில, உன்னோடத ஜன்னலோரம், ரெண்டையும் தண்ணி ஜாடிக்கு மாத்திட்டுத்தானே கிளம்பினோம்?

நெஸ்ரீன்: நீ சரியா அலசியிருக்க மாட்ட. இல்ல... கண்ணு பட்டிருக்கும்.

தஹானி: யாரு கண்ணு?

நெஸ்ரீன்: என்னை ஏன் பாக்கற? உன் தசைத் துண்ட டாக்டர் ஸப்ரீ ஊரையே கூப்பிட்டுக் காட்டினாரே. "கோடு கோடா என்ன அழகு!" என் தசையில மட்டும் கோடு இல்லையா?

தஹானி: இருந்துச்சு. கிழிஞ்சிருந்துச்சு.

நெஸ்ரீன்: சொல்லுவ! ஈத் ஆட்டுல எலும்பு எடுத்தப்பவும் அப்படித்தான். உனக்குத் தொடை, நட்டநடுத் துண்டு. எனக்கு விலா.

தஹானி: நீதான் விலா சின்னது, சீக்கிரம் முடியும்னே...

நெஸ்ரீன்: சரி விடு. என்னோடது எப்படி வந்திருக்கு?

தஹானி: ஒண்ணு நல்லா வந்திருக்கு. டாக்டர் கைல குடுத்தாச்சு. செல்லு எல்லாம் பளிச்சுனு.

நெஸ்ரீன்: அல்ஹம்துலில்லாஹ்! மனசு விட்டுடாதடி. அடுத்த வருஷம் உனக்கும்...

தஹானி: கண்ண எடுக்காத. இந்தத் துண்டோட ஓரத்துக்குப் போ.

நெஸ்ரீன்: எதுக்கு?

தஹானி: போயேன். என்ன தெரியுது?

நெஸ்ரீன்: வழவழன்னு, கண்ணாடி மாதிரி... நடுவுல ஜோடி ஜோடியா குழி. குருத்தெலும்பு.

தஹானி: தொடை நட்டநடுவுல ஏதுடி குருத்தெலும்பு? விலா முனையில இருக்கும்.

நெஸ்ரீன்: இல்ல... இருக்காது. குழாயடி ஜாடி உன்னோடதுதானே? அதுலதானே நான்...

தஹானி: சொல்லு. அதுல நீ? அமிலம் ஊத்தின கை, உள்ள கிடக்கறது விலாவா தொடையான்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்.

நெஸ்ரீன்: தெரிஞ்சேதான் மாத்தி வச்சியா? எனக்குப் பொறி வச்சியா?

தஹானி: வெளிய போ.

நெஸ்ரீன்: தள்ளாதடி! என் பை உள்ள இருக்கு... தஹானி! பூட்டாத! எப்படி மாத்தினேன்னு சொல்லிட்டாவது பூட்டு!

தஹானி: ஜன்னலோரம் உன் ஜாடி வெயில்ல காஞ்சுது. கெட்டுடுமேன்னு என் ஜாடி இருந்த குழாயடி நிழலுக்கு மாத்தி வச்சேன்.