மேற்குப் பக்கத்துப் பவிலியன்

1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20. பெயர்: இரத்தினசிங்கம் நாகேந்திரம். வயது: 58. தொழில்: படவரைஞர், ஓய்வுபெற்றவர். பிறந்த இடம்: சாவகச்சேரி, வட மாகாணம். தற்போதைய வதிவிடம்: வெள்ளவத்தை, கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் இரண்டாம் மாடி. அடையாள அட்டை பார்வையிடப்பட்டது. தமிழில் சொல்கிறார், தமிழில் பதியப்படுகிறது.

நான் மேற்படி முகவரியில் மனைவி பத்மாவதியுடன் வசித்து வருகிறேன். இளவயதில் கொட்டாஞ்சேனையிலுள்ள உதைபந்தாட்டக் கழகமொன்றில் விளையாடினேன், இப்போதும் அதன் செயற்குழுவில் இருக்கிறேன். இந்தப் பொலிஸ் நிலையத்தில் பதினொரு நாட்களாகத் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் கிளெமென்ற் அதே கழகத்தின் கோல் காப்பாளராக இருந்தவர். நான் அடித்த கோல்கள் யாருக்கும் நினைவில்லை. அவர் பிடித்த பந்துகளைப் பற்றி ஊர் இன்றும் கதைக்கிறது.

சென்ற ஆண்டு கழகத்துக்கெனச் சொந்த விளையாட்டரங்கு கட்டுவதென்று தீர்மானித்தோம். இரும்பும் சீமெந்தும் தருவதாகக் கழகத் தலைவர் ஹமீட் ஹாஜியார் ஒப்புக்கொண்டார், மற்றச் செலவுக்கு லொத்தர் சீட்டு விற்றோம். பிளான் கீறும் வேலையை நான் ஏற்றேன். ஒரு சதமும் வாங்காமல் ஏழு மாதம் இருந்து பதினான்கு தாள்கள் கீறினேன்.

அதன் பின்னர் ஜனவரி மாதக் கூட்டத்தில் தாள்களை மேசையில் விரித்தேன். பவிலியனைக் கிழக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கிளெமென்ற் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, மெட்ச் நாலரைக்கு. பவிலியன் கிழக்குல இருந்தா பின்னேர வெயில் நேரா சனத்துட முகத்துல அடிக்குமே” என்றார். ஹாஜியார் உடனே, “கிளெமென்ற் சொல்றது சரிதானே. கண்ணச் சுருக்கிக்கிட்டு யாரு மெட்ச் பாக்குற?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வருடம் பிளான் கீறிய எனக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று ஒரு கோல் காப்பாளர் சொல்லித் தந்தார். நானும் சிரித்தேன்.

அதன் பின்னர் பவிலியனை மேற்குக்கு மாற்றிப் புதிதாகக் கீறினேன். கடற்காற்று வருவதற்காகப் பின்சுவரில் துவாரங்கள் வைத்தேன். மழைச்சாரல் அடிக்கும், அடைத்துவிடுங்கள் என்று கிளெமென்ற் கேட்டார். அதையாவது நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பின்னர் ஜூலை மாதத்தில் படிகள் எழும்பின. வீதியில் எல்லோரும் அதைக் ‘கிளெமென்ற் பவிலியன்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் என்னிடமே, “ஐயா, கிளெமென்ற் பவிலியனுக்கு எப்புடிப் போற?” என்று வழி கேட்டார். வழியைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு வயிறு எரிந்தது. அதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பின்னர் ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளெமென்ற்றைப் பிடித்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கமாகப் பவிலியனைத் திருப்பியவர் அவர் என்றும், பின்சுவர்த் துவாரங்களால் கப்பல்களை எண்ணலாம் என்றும் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்ததாம். மறுநாள் கோயிலுக்கு முன்னால் அவருக்காக மெழுகுதிரி கொளுத்தினார்கள். வாசலுக்கு வெளியிலும் வரிசை நின்றது. என்னைப் பிடித்தால் எத்தனை பேர் கொளுத்துவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பத்மாவதியைத் தவிர ஆள் வரவில்லை.

அதன் பின்னர் நேற்றுப் பின்னேரம் கிளெமென்ற்றின் மனைவி ஐறீன் என் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, பிளான் கீறினது யாருன்னு கேட்டு அடிச்சிருக்காங்க. தான்தான் கீறினதுன்னு சொல்லிட்டாராம். உங்க அட்டையில சாவகச்சேரின்னு இருக்கே, உங்களப் புடிச்சா விடமாட்டாங்கன்னுதான் அப்புடிச் சொன்னாராம்” என்று அழுதார். முதற்பாதி மட்டுமே என் காதில் ஏறியது. அடி வாங்கும்போதுகூட என் பதினான்கு தாள்களையும் அவர் தன்னுடையதாக்கிக் கொண்டார் என்றுதான் பட்டது.

இன்று காலை பிளான் என்னுடையது என்று சொல்லவே புறப்பட்டேன். அத்தாட்சிக்கு, நான் எழுத்துப் பதிக்கும் ஸ்டென்சில் தகட்டையும் எடுத்துக்கொண்டேன். கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கி, என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஐறீன் சொன்ன பிற்பாதி அங்கேதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

இங்கு வந்து பிளான் என்னுடையது என்றேன். விசாரித்த அதிகாரி, கழகத்திலிருந்து எடுத்துவந்திருந்த பிளான் தாளின்மேல் தகட்டை வைத்துப் பார்த்தார். அதில் ஆங்கில எஸ் எழுத்தின் வால் உடைந்திருக்கிறது, தாள்களிலும் அப்படியே. அதன் பின்னர் அவர் விசாரணைக் கோவையிலிருந்து மொட்டைக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் எஸ்ஸுக்கு வால் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும். கடிதத்தை எழுதியவன் நானே. ஜூலை 29ஆம் திகதி, என் கைப்பட, இதே தகட்டால். அதிலிருப்பது பொய். கிளெமென்ற்றுக்கும் துவாரங்களுக்கும் சம்பந்தமில்லை, அடைக்கச் சொன்னவரே அவர்தான். அவரைப் பார்க்கக் கேட்டேன். அனுமதிக்கப்படவில்லை.

எனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. யாரும் அடிக்காமல், ஆசை காட்டாமல், நானாகச் சொன்னது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எழுதியபடியே சரி.

வாசித்துக் காட்டிய பின்னர் வாக்குமூலம் அளித்தவர் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டார். வழக்குக்கு அது தேவையில்லை என்று சொல்லப்பட்டது. மீண்டும் கேட்டதால் சேர்க்கப்படுகிறது:

பவிலியன் மேற்கில்தான் வரவேண்டும். அது எனக்குத் தோன்றவில்லை, கிளெமென்ற்றுக்குத் தோன்றியது.

(ஒப்பம்) இ. நாகேந்திரம்