பீப்பாய் வாசனை

— மூணு கடல் தாண்டி லுங்கிக்குள்ள சுத்தி எட்த்தாந்த பாட்டிலு, ரங்கா. நீ இன்னா, மோரு மாரி மடமடன்னு குடிக்கிற?

— குடிச்சாத்தானேடா சொல்ல முடியும், கோதண்டம். நன்னா இருக்கு. வறுத்த வாசனை, கொஞ்சம் சாக்லேட். பீர்ங்கறே, தார் மாதிரின்னா இருக்கு.

— இம்பீரியல் ஸ்டவுட்னு பேரு. போன வருசம் ஊரு பேர சென்னைன்னு மாத்துனப்போ நான் ஏறுன கப்பலு, சிகாகோ வரிக்கும் போச்சு. அங்க ஒருத்தன் குட்த்தான். போர்பன்னு மக்காச்சோள விஸ்கி கீதுல்ல, அது ஊறுன பீப்பா காலியானதும் இத்த உள்ள ஊத்தி, மாசக்கணக்குல தூங்க வுட்டுட்றானுங்க. கப்பல்ல சமைக்கிறவன் நானு, எனக்கே பாதி வாசனைக்கு பேரு தெர்ல. தி.நகர் காபி கம்பெனில ருசி பாக்குறவன் நீ சொல்லுவன்னுதான் பாலவாக்கம் வரிக்கும் கூப்ட்டு, எங்கூட்டு மொட்ட மாடில குந்த வெச்சேன்.

— சொன்னேனே.

— கலர பாத்து சொன்ன.

— என்னடா உளர்றே?

— நீ மோந்தே பாக்கல நைனா. இஸ்கூல்ல மூடுன டிபன் பாக்ஸ மோந்து, யாரூட்டு கொழம்புன்னு சொன்னவன் நீ. இதுல மர வாசன ஆளயே தூக்குது. அதப்பத்தி ஒரு வார்த்த சொல்லல. இன்னாச்சு?

— நீ கப்பல்ல இருந்தப்போ மார்கழில ஒரு ஜுரம் வந்துது, அதோட போயிடுத்துடா. எட்டு மாசம். உப்பு தெரியறது, கசப்பு தெரியறது. வாசனை மட்டும் கிடையாது. கற்பூரம் ஏத்தினா வெறும் வெளிச்சம்தான்.

— டாக்டராண்ட போனியா?

— வந்தாலும் வரலாங்கறார். அதுக்கு மேல அவருக்கும் தெரியலை.

— ஊட்ல?

— ஜலஜாகிட்டகூடச் சொல்லலை. ஒருநாள் ரசத்துல பெருங்காயம் போட மறந்துட்டா. நான் பிரமாதம்னுட்டேன். கரண்டியும் கையுமா என்னையே பார்த்துண்டு நின்னா.

— கம்பெனில?

— கூட வேலை பார்க்கற ஸஹானா முகத்தைப் பார்த்து, அவ தலையாட்டினா நானும் ஆட்டிண்டு இருந்தேன். போன வாரம் அவ லீவு. பூசணம் பிடிச்ச கொட்டை ஒரு லோடு, நல்லதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். நாளைக்கு ராஜினாமா லெட்டர் குடுத்துட்டு வந்துடப் போறேன். இருபத்திரண்டு வருஷம்டா.

— சரி. கண்ண மூடு.

— எதுக்கு?

— மூடுன்றேன்ல. நான் மோந்து சொல்றேன், நீ காத்தாட குந்திகினு கேளு. மொதல்ல ராயப்பேட்ட. மரக்கட. மழ பேஞ்ச மறுநாளு. வெயில் அட்ச்சு பலக மேல ஆவி போய்க்கினு கீது.

— தேக்கா?

— தேக்கு இல்ல. அத்தவிட இனிப்பு. பக்கத்தூட்ல வெல்லம் காயுது, பாகு பதத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் கீது.

— ஏலக்காய் போட்டாச்சா?

— போடல. இரு, தெரு முனைல ஐஸ்கிரீம் வண்டி ஒண்ணு போய்க்கினு கீது. வெனிலா. வண்டி போய்ட்ச்சு ரங்கா, வாசன மட்டும் அங்கியே நிக்கிது.

— வாசனை வரலைடா. ஆனா அந்தத் தெரு வரது. ஈரமா, ஆள் நடமாட்டமே இல்லாம, ரொம்ப நீளமா.

— இப்போ ஒரு முழுங்கு எட்த்து வாயிலயே வெச்சிக்கோ. அவசரப்படாத. இன்னா தெரிது?

— கசப்பு. அப்புறம் ஒரு சூடு, மெதுவா நெஞ்சுல இறங்கறது. அந்தத் தெருவுல மாடி ஜன்னலை யாரோ திறக்கறா.

— யாரு?

— முகம் தெரியலை. கொஞ்சம் பேசாம இரு.

— சரி, பாத்துகினே இரு.

— கோதண்டம்.

— ம்.

— கீழே அடுப்புல என்னத்தை வச்சுட்டு மாடிக்கு வந்தே?

— உனக்குன்னு கத்திரிக்கா வதக்க வெச்சேன். ஏன்?

— அடி பிடிக்கறதுடா.

— எனக்கு ஒண்ணும்... ஆமா. ஆமா ரங்கா, கருகுது. நீ எழுந்துக்காத, குந்து. நல்லா தீயட்டும்.