குழலைப் பிடிக்கிற ஸ்க்ரூ

இல்ல நஸீர் காக்கா, அந்தத் துவக்குட ட்ரிகர் ஸ்ப்ரிங் கடையில வாங்கினதில்ல. தையல் மெஷின்ல நூல இறுக்கிப் பிடிக்கிற ஸ்ப்ரிங். நான் ஏறாவூர்ல மெஷின் திருத்துறவன்தானே, அது என்னட்ட ஒரு டப்பா நிறையக் கிடக்கு. ரெண்டு சுத்து வெட்டிப் போட்டா விரலுக்கு அவ்வளவு சொகமா வரும்.

நான் குரூப்புல போட்ட படத்த டோஹாவில இருந்து பெரிசாக்கிப் பாத்துட்டு மறுகா ஒண்டு கேட்டீங்க. குழலைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூட தலை ஏன் இப்பிடித் தேஞ்சு கிடக்கு, ஒருக்கா இறுக்கினா விடுறதுதானே எண்டு. குரூப்புல இவ்வளவு பேர் இருந்தும் அதக் கேட்டது நீங்க மட்டும்தான். அதால உங்களுக்குத் தனியா எழுதுறன்.

துவக்க எனக்கெண்டுதான் செஞ்சன். குறி பாத்துச் சுடுற கிளப்புல உடைஞ்சு கிடந்த எயார் ரைபிள் ரெண்டையும் சேத்து ஒண்டாக்கி, தோள்ல முட்டுற பிடங்கு வேப்பம்பலகையில வெட்டினது. ஆனா எனக்குக் குறி பாத்து அடிக்க வராது. ஒரு இடத்தில நிக்க ஏலாது, தொழுகைக்கு நிண்டாலும் கால் விரல் ஆடும். வாப்பா மௌத்து, உம்மா குவைத்தில, ராத்தா கல்யாணம் முடிச்சு அக்கரைப்பற்றில. வாவிக்கரை வீட்டில நான் மட்டும்தான். குசினிச் சுவருல இருந்து முன் கதவு வரைக்கும் சரியாப் பத்து மீட்டர் வரும். இடையில ஆள் இல்லாத வீடு, அடிச்சுப் பழக நல்லம்.

மதுரன் சித்தாண்டியில இருந்து அவன்ட அம்மாட தையல் மெஷினத் திருத்தக் கொண்டு வந்தவன். மேசையில கிடந்த துவக்கத் தூக்கி, இதென்ன, கொக்கு விரட்டவா எண்டு சிரிச்சான். அடிச்சுப் பாரன் எண்டன். முதல் சன்னம் கதவுல ஒட்டின கடதாசிட கறுப்பு வட்டத்துக்குள்ள. ரெண்டாவது அதுக்குப் பக்கத்தில. அந்தக் கை ஒரு துளி அசையல்ல. டவுன்ல ஒரு லாப்ல இரத்தம் எடுக்கிறவன் அவன். சின்னப் புள்ளையளுக்கும் அவன் குத்தினது தெரியாதாம்.

அதுக்குப் பிறகு துவக்க அவனுக்கெண்டே மாத்தினன். கன்னம், தோள், கை நீளம், எல்லாம் டேப்பால அளந்தன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சு மணிக்குக் கொத்து ரொட்டி கட்டிக்கொண்டு வருவான். கல்யாணம் முடிச்சாலும் நீ இதத்தான்டா கட்டிப்பிடிச்சுப் படுப்பாய் எண்டு நக்கலடிப்பான். வாசல்ல ரெண்டு சோடி செருப்புக் கிடக்கும். உள்ள இருந்து அத எட்டிப் பாக்கிறது எனக்கு ஒரு பழக்கமாப் போயிட்டு.

ஒரு வருஷத்தில அறுவது சன்னத்துக்கு அறுநூறு புள்ளி தாண்டிட்டான், ஒண்டுக்கு உச்சம் பத்து தசம் ஒம்பது. மூண்டு தரம் அறுநூத்திப்பத்து எடுத்தா கொழும்புப் பயிற்சி முகாமுக்கு எடுப்பாங்க, தங்குமிடமும் வேலையும் அங்கயே எண்டு கிளப்புல சொன்னாங்க. அவனுக்கு அதே கனவுதான். ரெண்டு தரம் எடுத்தும் போட்டான். ரெண்டாம் தரம் எடுத்த அண்டைக்குச் சப்பாத்து ஒண்டு பாக்கணும், கொழும்புக்கு எண்டு சொல்லிட்டுக் கெதியாப் போயிட்டான். கொத்து அரைவாசி அப்பிடியே கிடந்திச்சு.

நான் ஸ்க்ரூவ அரைச் சுத்து இளக்கினன். அரைச் சுத்துத்தான். குழல் ஆடுறது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. ஒரு சன்னம் இடப்பக்கம் போகும், அடுத்தது மேல போகும். பத்து எடுக்கிறவன் இடைக்கிடை ஏழு எடுத்தான். திருத்துறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் வருவான்தானே. அவ்வளவுதான் நினைச்சன்.

மூண்டாம் கிழமை, துவக்கிலதான் ஏதோ பிழை போல எண்டு கேட்டான். நியாயமான கேள்வி. நான் துவக்க வாங்கிக்கொண்டு, அவனுக்கு முதுகு காட்டிக் கிறுகி நிண்டு, உள்ளங்கையில இருந்த எலன் கீயால ஸ்க்ரூவ இறுக்கினன். மறுகா மேசையில இரிக்கிற வைஸில பூட்டி அவனுக்கு முன்னாலயே அஞ்சு அடி அடிச்சன். அஞ்சும் ஒரே ஓட்டை. ஒரு சட்டைப் பொத்தானால மறைக்கலாம்.

அவன் அந்தக் கடதாசியக் கழட்டி, ஓட்டையில விரல வச்சுப் பாத்தான்.

"அப்ப பிழை நான்தான், மச்சான்."

"களைப்பா இரிக்கும்டா."

வைஸில இருந்து கழட்டக்குள்ள மறுகா அரைச் சுத்து.

கண் டொக்டர்ட்டப் போனான், ஒண்டும் இல்லயாம். முருகன் கோயிலுக்கு நேத்தி வச்சான். தேத்தண்ணி குடிக்கிறத விட்டான். பிறகு கைய நீட்டி, விரல் மேல கடதாசித் துண்டொண்ட வச்சுப் பாக்கத் தொடங்கினான். அசையுதா பார் எண்டு என்னத்தான் கேட்டான். அது அசையல்ல. லேசா அசையுது எண்டு நான் சொன்னன்.

மூண்டாம் தரம் அவன் எடுத்தது ஐநூத்தி எழுவத்தொண்டு. கொழும்புக்கு வேற ஒரு புள்ள போயிட்டு. அடுத்த மாசம் லாப்ல ஒரு வயசான மனிசிக்கு நாலு தரம் குத்தியும் நரம்பு கிடைக்கல்லயாம், அவட மகன் ஏசியிரிக்கார். இவன் வேலைய விட்டுட்டான். அவன்ட அம்மா கேதீஸ்வரி எனக்குப் போன் எடுத்தா. "மனே, நீ இரிக்கிறதாலதான் அவன் இரிக்கான்" எண்டு அழுதா. அந்த வீட்டில எனக்கு அவ்வளவு மதிப்பு.

இப்ப காலையிலயே வந்துருவான்.

நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்ல காக்கா. ரெண்டு மாசத்துக்கு முன்ன ஸ்க்ரூவ நல்லா இறுக்கி, இனிக் கழராம மேல பசையும் விட்டுட்டன். துவக்கில இப்ப ஒரு பிழையும் இல்ல. ஆனா அவன் அடிச்சா ஆறுதான், அஞ்சுதான், ஒருக்காக் கடதாசியிலயே படல்ல. கை உண்மையாவே நடுங்குது. கோப்பையப் பிடிச்சாத் தண்ணி தளும்புது. அப்ப அது ஆரம்பத்திலயே உள்ளுக்கு இருந்த நடுக்கம்தானே. நான் அதக் கொஞ்சம் முந்திக் காட்டிக் குடுத்திருக்கன். கொழும்புல நாலு பேருக்கு முன்னால வந்திருந்தா எவ்வளவு வெக்கம்.

நேத்துத்தான் ஒண்டு தேடிக் கண்டுபிடிச்சன். கை ஏலாதவங்களுக்கெண்டு தனிப் பிரிவு இரிக்கு, ஸ்டாண்ட் ஒண்டுல துவக்க வச்சு அடிக்கலாமாம். ஸ்டாண்ட நானே செய்வன், படம் கீறிட்டன், அனுப்புறன். அளந்து, வெட்டி, சரிவராட்டி மறுகா வெட்டி, நாங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் இருந்து செஞ்சாலும் ரெண்டு வருஷம் எடுக்கும். அவனுக்கு இன்னும் சொல்லல்ல. முன்னுக்குத்தான் இரிக்கான், கைய மடியில பொத்திக்கொண்டு, நான் டைப் பண்ணுறதப் பாத்துக்கொண்டு. கேட்டாச் சந்தோசப்படுவான்தானே காக்கா, நீங்க என்ன நினைக்கிறீங்க?