திருஷ்டிப் பொட்டு

எண்ணெய்ப் பரோட்டாவை ஆறவிடக் கூடாது மேடம். சூட்டோடு இருந்தால் வாயில் வைத்ததும் நொறுங்கும். ஆறிவிட்டால் வெறும் மாவுதான். ஏட்டையா வாங்கி வந்ததில் என் பங்கை நான் முடித்துவிட்டேன். உங்கள் பொட்டலம் இன்னும் பிரிக்காமலே இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள், ஒன்றும் அவசரமில்லை. காலையிலிருந்து எனக்கு மனசு பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறது.

என் பெயர் முத்துக்கிருஷ்ணன். அப்பாவுக்குச் சிவகாசியில் அச்சகம். ஒரு சீசனுக்குக் காலண்டர், மற்ற நாளெல்லாம் பட்டாசு லேபிள். நான் அச்சடிப்பதைவிட வாசிப்பதில் ஆசைப்பட்டவன். வேறு வேறு தேசத்து நாவல்கள், தமிழில். விருதுநகர் வெயிலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படிப்பேன். அங்கே பனி கொட்டும், எனக்கு இங்கே குளிரும். அந்தப் புத்தகங்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். யாரும் நேராக மேலே போவதில்லை. நடுவில் ஓரிடத்தில் விழுகிறார்கள். விழாதவனைப் பற்றி எந்த ஊரிலும் யாரும் நாவல் எழுதியதாகத் தெரியவில்லை.

எங்கள் கல்லூரியில் மாணவர் தொழில் மையம் ஆரம்பித்தபோது பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். யோசனையோடு வருகிற பிள்ளைக்கு நாங்கள் இடம் தருவோம், மெஷின் தருவோம், சரக்கு வாங்கித் தருவோம், கையைப் பிடித்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவோம். படிக்கும்போதே முதலாளியாகிப் பார்க்கலாம். முதல் ஆர்டரை வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை இரண்டு இரண்டு படியாகத் தாவி என் அறைக்கு ஓடி வரும் பாருங்கள், அப்போது எனக்குக் காலுக்குக் கீழே தரை இருக்காது. அந்த வேலையை நான் சம்பளமில்லாமலும் செய்திருப்பேன்.

ஆனால் எல்லாம் ரொம்பவும் நன்றாகப் போனால் எனக்குள் ஒரு கலக்கம். அழகான குழந்தைக்குக் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைக்கிறோம். அசிங்கப்படுத்தவா வைக்கிறோம்? காப்பாற்றத்தான். நானும் என் பிள்ளைகளின் தொழிலில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அவர்களுக்குத் தெரியாமல்.

முதல் பொட்டு ஆர்த்திக்கு. குழந்தைகளுக்கான காலண்டர் போட்டாள். பிழை பார்க்க என்னிடம்தான் வந்தது. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை அதில் ஒரு வாரம் தள்ளி வைத்தேன். விருதுநகரில் வேறு எந்தத் தேதியைத் தவறவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள். "மாரியாத்தாளையே ஒரு வாரம் காக்க வச்சிட்டீகளே தாயி" என்று கடைக்காரர்கள் காலண்டரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆர்த்தி அழுது, திருத்தம் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் கையால் ஒட்டினாள். இன்றைக்கு மதுரைப் பள்ளிக்கூடங்கள் அவளிடம்தான் காலண்டர் வாங்குகின்றன.

அடுத்தவன் முனியராஜ். சாத்தூர்ப் பக்கத்துப் பையன், காராசேவு போட்டான். அவன் கலந்து வைத்த மாவுத் தூக்கை எடுத்துவிட்டு உப்பில்லாத மாவை வைத்தேன். "ஏலே, சேவா இது, வைக்கோலா?" என்று அவன் மாமாவே துப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு பிரஷர்காரர் வந்து, தின்று பார்த்து, இப்படி ஒன்றைத்தான் வருடக்கணக்காகத் தேடுகிறேன் என்றார். இப்போது 'உப்பில்லாச் சேவு' மருந்துக்கடைகளில் மாத்திரைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கைப்பொட்டுக்கு ராசி உண்டு என்று நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

மாரிசெல்வி இவர்கள் எல்லாரையும்விட அழகாக ஆரம்பித்தாள்.

ஏழாயிரம்பண்ணைப் பிள்ளை, பட்டாசு ஊர். அம்மா முருகம்மாள் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவர். அவர் கை எப்போதும் வெள்ளி பூசினது மாதிரி மின்னும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மருந்து அறையில் பருத்தி மட்டும்தான் உடுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் பெண்கள் நைலக்ஸ் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளைகளின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வருவார்கள். மாரிசெல்விக்கு யோசனை அங்கேதான் பிறந்தது. பெண்களுக்கென்றே அளவெடுத்த முழுக்கைப் பருத்திச் சட்டை. குனிந்தால் இழுக்காது, மருந்து உள்ளே போகாது, பை கிடையாது. எங்கள் மையத்தில் தையல் மெஷின் போட்டுக் கொடுத்தோம். கம்பெனி முதல் ஆர்டர் கொடுத்தது.

"இந்த ஆர்டர் நிலைச்சிருச்சுன்னா அம்மாவ அங்கன இருந்து கூட்டியாந்துருவேன் சார். இங்கன பட்டன் தைக்கட்டும்" என்றாள்.

முருகம்மாள் ஒரு நாள் வந்து மெஷினைத் தடவிப் பார்த்தார். "எம்புட்டு நேக்கு பாருங்க சார். எம்மவ எனக்கே சட்டை விக்கப் பாக்கா" என்று சொல்லிவிட்டு, மகள் தலையில் குட்டினார். தாயும் மகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அப்படியே கண்ணில் நின்றது. கண் பட்டுவிடும் என்று நினைத்தேன்.

துணி வாங்குவது மையத்தின் பொறுப்பு. ஜவுளிக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். பருத்திக்குப் பதில் அதே நிறத்தில் பாலியஸ்டர் அனுப்பச் சொன்னேன்.

பாலியஸ்டர் உடம்பில் உரசினால் பொறி கிளம்பும் மேடம். இருட்டில் சட்டை கழற்றும்போது பார்த்திருப்பீர்கள், சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி. மருந்துக்கு அந்த ஒரு நட்சத்திரம் போதும். இது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனால் என் கணக்கு வேறு. கம்பெனி போர்மேன் தொட்டவுடனே கண்டுபிடித்துவிடுவார், லோடு அப்படியே திரும்பி வரும், மாரிசெல்வி ஒரு வாரம் அழுவாள், பிறகு எழுந்து நிற்பாள். எழுந்து நிற்கும்போது தைக்க வேண்டுமே என்று நல்ல பருத்தி ஒரு பண்டல் வாங்கி என் அறையில் தயாராக வைத்திருந்தேன். அது இன்னும் அங்கேயே, பிரிக்காமல் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். அவள்மீது எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு அதுவே சாட்சி.

அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். "சார், சாம்பிள் இப்பிடி இல்லையே. வளுக்குதே" என்றாள்.

"புதுத் துணி அப்படித்தான் இருக்கும். ஒரு துவை துவைத்தால் சரியாகிவிடும்" என்றேன்.

"ஒரு நூலைக் கொளுத்திப் பாத்துருவமா சார்? பருத்தின்னா சாம்பலாப் போகும்."

"ஏழாயிரம்பண்ணையில் பிறந்துவிட்டுத் தீக்குச்சி கேட்கிறாயே" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். என்னை அவ்வளவு நம்பினாள். அதெல்லாம் கிடைப்பதற்கரிய விஷயம்.

கம்பெனி கேட்டிலும் அதுதான் நடந்தது. துணியைச் சோதிக்க நிச்சயமான வழி நூலைக் கொளுத்திப் பார்ப்பது. ஆனால் கேட்டைத் தாண்டி ஒரு தீக்குச்சி போகக் கூடாது என்று மடியையும் கொசுவத்தையும் தடவி அனுப்புகிற இடம் அது. யார் கொளுத்துவார்கள்? போர்மேன் சங்கிலிமுத்து ஒரு சட்டையை உதறிப் பார்த்து, "ஏத்தா மாரி, தேய்க்கவே வேணாம் போலுக்கே. மாப்பிள்ளைச் சட்டை கெணக்கா நிக்கி" என்றார். பெண்கள் அங்கேயே போட்டுப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தார்கள். முருகம்மாள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். லோடு திரும்பி வரவில்லை.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் யோசித்தேன். சொன்னால் அது ஜவுளிக்கடைத் தவறாக முடிந்துபோகும். அதில் மாரிசெல்வி விழவும் இல்லை, எழவும் இல்லை. மையத்தின் பரிசளிப்பு விழா வேறு நெருங்கிவிட்டது. விழா மலருக்கு அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன், நடுவில் அவள் விழுகிற இடத்துக்கு மட்டும் ஒரு பத்தி காலியாக விட்டிருந்தேன். கம்பெனி தானாகவே கண்டுபிடிக்கும், அந்தப் பத்தி தானாக நிரம்பும் என்று காத்திருந்தேன். வெளியே ஆடிக்காற்று. உங்களுக்கே தெரியும், காய்ந்த காற்று. கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் சுருக்கென்று இருக்கும்.

வெடித்தது முருகம்மாள் அறை. அவரும் இல்லை, கூட வேலை பார்த்தவர்களும் இல்லை. கம்பெனியில் உராய்வு என்று சொன்னார்கள். எப்போதும் அதைத்தான் சொல்வார்கள். செய்தி வந்தபோது நான் என் மேசையில் இருந்தேன். காலியாக இருந்த பத்தியை எழுதி முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது மேடம். நானே இரண்டு முறை வாசித்தேன்.

அம்மாவின் காரியம் முடிந்த மறுநாள் மாரிசெல்வி மையத்துக்கு வந்தாள். மெஷினுக்கடியில் கிடந்த வெட்டுத்துண்டை எடுத்து, வாசலில் குந்தி, தீக்குச்சி கிழித்தாள். துணி சாம்பலாகவில்லை. உருகிச் சுருண்டு, கறுப்பாக ஒரு சொட்டு விழுந்து அவள் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அவள் உதறவில்லை. அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வட்டமாக, அளவாக, கறுப்பாக. மை வைத்தது மாதிரியே இருந்தது.

"உருகுது சார்" என்றாள். "எங்கன சார் நான் தப்பு பண்ணுனேன்? எங்கம்மாவுக்கு நானே தச்சுக் குடுத்துட்டேனே."

தோல்வி வந்தால் பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன். இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று நிதானமாக யோசி, அடுத்த வாரம் பேசுவோம் என்றேன். அவள் நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்து, துணியைப் பார்க்காமல் தைத்தது நான்தான், என்னைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால்தான் நானே வந்தேன். அவள் சொன்னது சரியில்லை. துணியை மாற்றியது நான். வழுக்குகிறதே என்றவளிடம் பொய் சொன்னது நான். நூலைக் கொளுத்த விடாமல் சிரிக்க வைத்ததும், அந்தச் சட்டைகள் மருந்து அறைக்குள் போன பிறகு தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். அவள் இதில் ஒரு பங்கும் கேட்கக் கூடாது. பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் அப்படியேதான் இருக்கிறது மேடம், பழுதில்லாமல்.

அவளைப் பக்கத்து அறையில்தான் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று ஏட்டையா சொன்னார். இதையெல்லாம் நீங்கள் போய் அவளிடம் சொல்வீர்கள். சொல்லத்தான் வேண்டும்; இனிமேல்தான் அவள் எழுந்து நிற்கிற பாகம். போகும்போது அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். அவள் மறுபடி சிரிக்க ஆரம்பிக்கும்போது எனக்கும் கேட்க வேண்டும்.