டிராயரில் கடைசி ஜோடி

– வண்டியத் திருப்பாதப்பா. சொல்றேன்ல.

– திருப்பத்தான் போறேன். அந்த டான்ஸ் காலேஜ் பொம்பளையை நேருக்கு நேரா கேக்கறேன், என் பொண்ணு கால்ல என்ன குறையக் கண்டீங்கன்னு.

– கொலம்பஸ் ஊரைத் தாண்டி எவ்வளவோ தூரம் வந்தாச்சு. வீட்டுக்கு ஓட்டு.

– விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, டொலீடோலேந்து பனியில வழுக்கி வழுக்கி ஓட்டிக்கிட்டு வந்தேன் கோரி. ஒரு காபி வாங்கிட்டுத் திரும்பறேன், மத்த பிள்ளைங்கள்லாம் உள்ள ஆடிக்கிட்டிருக்கு, நீ மட்டும் நெஞ்சுல குத்தின நம்பர் அட்டையோட வண்டிக்குப் பக்கத்துல நிக்கற.

– ஆடிஷன்னா அப்படித்தான். பிடிக்கலைன்னா பாதியிலயே நன்றி சொல்லி அனுப்பிருவாங்க.

– நன்றியாம் நன்றி. அந்த நன்றியக் கொண்டுபோய்...

– அப்பா.

– சரி, சொல்லல. அடுத்த சனிக்கிழமை சிகாகோ போறோம். பாலேவுக்குன்னே இருக்கற காலேஜ்ல அது ஒண்ணுதான் மிச்சம். சொல்லிட்டேன்.

– நான் வரல. உள்ளூர் காலேஜ்ல இடம் குடுத்துட்டாங்க, அங்கயே சேந்துக்கறேன்.

– வெறுங்கால்ல தரையில உருளறாங்களே, அங்கயா?

– அதுவும் நடனந்தான்.

– இல்லைன்னு யாரு சொன்னா? பிடிச்சவங்க உருளட்டும். போன வருஷம் அதைப் பாத்து மூஞ்சியச் சுளிச்சவ நீதான். திடீர்னு என்ன ஞானோதயம்?

– விடேன்ப்பா.

– எப்படி விடறது? உங்கம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல, மூக்குல குழாயோட, ஊசியும் கையுமா உக்காந்திருந்தா. ஒவ்வொரு ஷூவா ரிப்பன் தைச்சு, டிராயர்ல அடுக்கி வையின்னு எங்கிட்ட குடுத்து விட்டா. எதுக்கு? நீ அதைக் கழட்டிப் போட்டுட்டு உருளறதுக்கா?

– அம்மாவ இழுக்காத.

– இழுப்பேன்.

– அவளைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கு? அடக்கம் முடிஞ்ச மறுநாளே பட்டறைக்குப் போன ஆளு நீ. அதுக்கப்புறம் வீட்டுல அவ பேரை ஒருதரம் சொல்லியிருக்கியா? சாப்பிட்ட தட்டு காயறதுக்குள்ள கராஜுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கற. விரல் பூரா பிளாஸ்திரி. கவனமில்லாமத் தகரம் வெட்டிக் கையைத் துண்டாக்கிக்கிட்டு, என்னையும் தனியா விட்டுட்டுப் போகப் போற.

– என் விரலை நான் பாத்துக்கறேன். நீ உன் காலைப் பாரு.

– எங்க வகுப்புல எல்லாரும் அவங்கவங்க ஷூவுக்கு அவங்களேதான் ரிப்பன் தைச்சுக்குவாங்க. எனக்கு மட்டுந்தான் அம்மா. பாப்பாவுக்கு அம்மா சோறும் ஊட்டுவாளான்னு கேலி பண்ணுவாங்க. வந்து சொன்னா, 'தைக்கறது என் வேலை, ஆடறது உன் வேலை'ம்பா.

– அந்த வேலையத்தான் இன்னிக்குப் பாதியில போட்டுட்டு வந்திருக்க. அந்தப் பொம்பளை போன் நம்பரைக் குடு. நான் பேசறேன்.

– வேண்டாம்.

– குடுன்னு சொல்றேன். அவங்க எப்படி என் பொண்ணை வெளிய அனுப்பலாம்?

– அவங்க அனுப்பல.

– என்னது?

– யாரும் அனுப்பல. கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஆடறவரைக்கும் நல்லாத்தான் போச்சு. அந்தம்மா பக்கத்துல வந்து நின்னு பாத்தாங்க, சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும் பாயிண்ட் ஷூவுக்கு மாறிக்கங்கன்னாங்க. நான் பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

– பையிலதான் ஷூ இருக்கே. காலையில என் கண்ணால பாத்தேன்.

– இருக்கு.

– அப்புறம் போட்டுக்க என்ன கேடு உனக்கு?

– டிராயர்ல அதுதான் கடைசி ஜோடி. மூலை முடுக்கெல்லாம் தடவிப் பாத்துட்டேன், அம்மா தைச்சதுல அது ஒண்ணுதான் மிச்சம். பாயிண்ட் ஷூ எவ்வளவு நாள் உழைக்கும்னு உனக்கு எங்க தெரியப்போகுது? நுனிவிரல்ல நின்னு நாலு தரம் நல்லா ஆடினா உள்ள நைஞ்சு போயிரும். ஷூ செத்துப்போச்சும்போம். அப்புறம் குப்பைத்தொட்டிதான். பல்லிடுக்குல விடற நூலால தைச்சு, பல்லால கடிச்சு அறுத்து வச்சிருக்காப்பா. அதை அந்த ஹால்ல மிதிச்சுச் சாகடிச்சிட்டு வரணுமா? வெறுங்கால்ல ஆடற இடத்துல அதை எடுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

– இரு. ஒரு நிமிஷம் இரு.

– திட்டேன். இவ்வளவு நேரம் கத்தினியே. எதுக்கு வண்டிய ஓரங்கட்டற?

– கோரி. உங்கம்மா டானா தைச்சு வச்சது நவம்பர்லயே, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னாடியே தீந்துபோச்சு.

– இல்ல. டிராயர்ல இருந்துக்கிட்டேதான இருந்துச்சு. அள்ள அள்ள எப்படித் தீரலைன்னு... கேக்கப் பயமா இருந்துச்சு எனக்கு.

– உன் சீட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கு, எடு. பாத்து. ஒண்ணு பாதிதான் தைச்சிருக்கேன், ஊசி அதுலயே குத்தி நிக்குது.